பின்பாதி இல்லாத ரோல்ஸ்-ராய்ஸ்: ஒரு தேக்குச் சட்டத்தைத் திரும்பக் கட்டிய கதை

எங்கள் பட்டறைக்கு வந்தபோது இந்த ரோல்ஸ்-ராய்ஸுக்குப் பின்பாதியே கிடையாது. முன் சீட்டுக்குப் பின்னால் யாரோ ரம்பம் போட்டு அறுத்துவிட்டு, அந்த இடத்தில் பலகைப் பெட்டி ஒன்றைக் கட்டியிருந்தார்கள். நீலகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் உர மூட்டையும் தேயிலையும் ஏற்றிய வண்டி. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "அநியாயம்" என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வயதான பெரிய கார்களை வேனாகவும் சவ வண்டியாகவும் மாற்றி ஓட்டுவது அந்தக் காலத்தில் இங்கிலாந்திலேயே சகஜம். மூட்டை சுமக்க ஆள் தேவைப்பட்டதால்தான் இந்த சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் தப்பித்தது.

வண்டி 1926-ஆம் வருடத்து ரோல்ஸ்-ராய்ஸ் 20 எச்.பி. ஆர்வலர்கள் 'ட்வென்டி' என்பார்கள். 1922 முதல் 1929 வரை டெர்பி தொழிற்சாலையில் மொத்தம் 2,940 கட்டினார்கள். டிரைவர் வைத்துக்கொள்ளாமல் தானே ஓட்ட நினைக்கும் டாக்டர், வக்கீல் மாதிரி ஆட்களை மனதில் வைத்து ஹென்றி ராய்ஸ் வடிவமைத்த 'சின்ன' ரோல்ஸ். சின்னது என்று பெயர்தான்: ஆறு சிலிண்டர், 3,127 சி.சி., வீல்பேஸ் (முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை) 129 அங்குலம். அறிமுகமானபோது சேசிஸின் விலை 1,100 பவுண்டு.

சேசிஸின் விலை என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் ரோல்ஸ்-ராய்ஸ் முழுக் காராக விற்கவில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சுகள், ரேடியேட்டர் வரைக்கும்தான் கம்பெனியின் வேலை. அதன் மேல் பாடி கட்டுவது கோச்பில்டரின் பொறுப்பு. பார்க்கர், ஹூப்பர், பார்க் வார்ட், த்ரப் அண்ட் மேபர்லி என்று லண்டனில் பெரிய பெயர்கள் பல இருந்தன. வாங்குகிறவர் தனக்குப் பிடித்த இடத்தில் கொடுத்து, தன் உயரத்துக்கும் தன் பெட்டி படுக்கைக்கும் ஏற்றபடி கட்டிக்கொள்வார். கம்பெனியே உடம்போடு சேர்த்து ரோல்ஸ்-ராய்ஸ் விற்க ஆரம்பித்தது 1949-இல், சில்வர் டான் மாடலோடு. அதனால் ஒரே வருடத்து இரண்டு ட்வென்டிகளைப் பக்கத்தில் நிறுத்தினாலும் ஒன்றின் கதவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. எஞ்சின் சாமான் இங்கிலாந்தில் இன்றைக்கும் கிடைக்கிறது. பாடிக்கு எதுவும் கிடைக்காது. கட்டித்தான் ஆக வேண்டும்.

அப்படியென்றால் எதைப் பார்த்துக் கட்டுவது?

முதலில் இந்த பாடியைக் கட்டியது யார் என்று தேடினோம். நார்த்தாம்ப்டன்ஷயரில் ஹன்ட் ஹவுஸ் என்ற இடத்தில் ரோல்ஸ்-ராய்ஸ் ஆர்வலர் சங்கத்தின் தலைமையகம் இருக்கிறது. டெர்பியில் கட்டிய ஒவ்வொரு வண்டிக்கும் எழுதிய சேசிஸ் அட்டைகள் அங்கே பத்திரமாக உள்ளன. எங்கள் வண்டியின் அட்டை நகல் வந்தது. சேசிஸ் கப்பலேறிய விவரம் இருந்தது. பாடி கட்டியவர் பெயர் இல்லை. கதவுப் படியில் கோச்பில்டரின் பித்தளைத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் மட்டும்.

பிறகு மரம் பேசியது. முன்பாதிச் சட்டத்தின் மேல் இருந்த அலுமினியத் தகட்டைக் கழற்றியதும் உள்ளே தேக்கு. லண்டன் பாடி என்றால் அந்த ஊர் ஆஷ் மரமாக இருக்கும். ஆஷ் நன்றாக வளையும். ஆனால் நம் ஊர் ஈரத்திலும் கரையானிலும் அது அதிக காலம் தாங்காது. அதனால் இந்தியாவில் கட்டியவர்கள் தேக்குக்குப் போனார்கள். வளைக்க வராது, ஆனால் நிற்கும். தேக்கின் எண்ணெய்ப்பசை இரும்புத் திருகாணியையும் ஓரளவு காப்பாற்றுகிறது. அடிக்கட்டை தவிர மற்ற இடங்களில் நூறு வருடத் திருகாணிகள் ஸ்க்ரூ டிரைவருக்கு இணங்கி வெளியே வந்தன.

தேக்கு என்பதால் மட்டும் மதராஸ் என்று சொல்லிவிட முடியாது. கல்கத்தாவிலும் பம்பாயிலும்கூட தேக்குதான். ஆனால் ஒவ்வொரு துண்டின் உள்முகத்திலும் உளியால் ஒரு குறி போட்டிருந்தார்கள். தூசியைத் தட்டி, டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்தபோது தெளிவாகத் தெரிந்தது: ௧, ௨, ௩. தமிழ் எண்கள் (1, 2, 3). இடப்பக்கத் துண்டுகளில் எண்ணுக்கு முன்னால் 'இ', வலப்பக்கத்தில் 'வ'. வெள்ளைக்கார கோச்பில்டர்களின் தச்சர்கள் இதே வேலைக்கு ரோமன் எண்களைச் செதுக்குவார்கள், நேர்க்கோடாக இருப்பதால் உளிக்கு எளிது. ௩-ஐயும் ௬-ஐயும் (3, 6) உளியால் வளைத்துப் போடுவது சிரமமான வேலை. அவர் தனக்குத் தெரிந்த கணக்கில் போட்டிருக்கிறார்.

இந்த எண்கள் அழகுக்காக அல்ல, எங்களுக்கு வரைபடமாகவே உதவின. முன்பாதியின் இடப்பக்கத்தில் ௧ முதல் ௯ வரை (1 முதல் 9) வரிசையாகக் கிடைத்தது. எஸ்டேட்டின் பழைய கொட்டகையில் கார் சொந்தக்காரர் ஆள் விட்டுத் தேடியதில், ஓர் இடப்பக்கப் பின் கதவும் பின்பக்கக் குறுக்குக் கட்டை ஒன்றும் அகப்பட்டன. கோழிக் கூண்டுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டை அது. அதன் இடது முனையில் 'இ ௰௭', அதாவது இடப்பக்கம் 17, என்று இருந்தது. ஆக ௰ முதல் ௰௬ வரை (10 முதல் 16) ஏழு துண்டுகள் ஒரு பக்கத்துக்குக் குறைகின்றன. கதவின் இரு பக்கத் தூண்களும் இந்த ஏழில் சேர்ந்தவை என்பதால் அதில் இரண்டு அடையாளம் தெரிந்துவிட்டது. மீதி ஐந்தும் சக்கரத்துக்கு மேலே வளைந்து போகும் பகுதி. எத்தனை துண்டு என்று தெரிந்தாலே இணைப்பு எங்கெங்கே விழுந்திருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

சொந்தக்காரர் குடும்பத்தில் ஒரே ஒரு புகைப்படம் இருந்தது. கார் சாய்வாக நிற்கிறது, ஹூட் (துணிக் கூரை) மடக்கியிருக்கிறது, பின்பகுதி பாதி தெரிகிறது. சாய்ந்த படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தப்பான அளவுதான் வரும். நாங்கள் சேசிஸைச் சக்கரத்தில் நிறுத்தி, படத்தைச் செல்போன் திரையில் மங்கலாக மேலே போட்டுக்கொண்டு, இரண்டு சக்கரங்களும் ரேடியேட்டரும் படத்தோடு ஒன்றாக விழும் வரை போனை நகர்த்தினோம். அந்த இடத்தில் ஸ்டாண்ட் போட்டு போனைக் கட்டியாகிவிட்டது. அப்புறம் மெல்லிய பிளைவுட் பட்டைகளை சேசிஸின் மேல் நட்டு, திரையைப் பார்த்துப் பார்த்து வளைத்தோம். ஒருவர் திரை முன்னால் நின்று "இன்னும் கொஞ்சம் உள்ளே, போதும், போதும்" என்று சொல்ல, இன்னொருவர் ஆணி அடிக்க வேண்டும். சேசிஸில் பழைய பாடி பிராக்கெட்டுகளின் துளைகள் அப்படியே இருந்ததால் அடிக்கட்டையின் அகலத்தில் சந்தேகமே இல்லை. கிடைத்த கதவின் வளைவு மீதிக்கு வழிகாட்டியது.

இந்தக் கட்டத்தில்தான் ஒரு விவாதம். பார்க்க வந்த டிங்கர் நண்பர் ஒருவர், "எதுக்குங்க இந்த மர வேலை? ஒன்றரை இஞ்ச் ஸ்கொயர் டியூப்ல வெல்டு அடிச்சு, மேல ஷீட்டு போட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நானும் டிங்கர்தான், வெல்டிங் எனக்குக் கை வந்த வேலை, மரம் அப்படி இல்லை. ஆனால் ட்வென்டியின் சேசிஸ் இரண்டு நீளமான இரும்புச் சட்டங்களும் சில குறுக்குச் சட்டங்களும் சேர்ந்தது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அந்த ஏணியே முறுக்கிக்கொள்ளும். மேலே இருக்கும் மரக்கூடு அதோடு சேர்ந்து கொஞ்சம் அசைந்து கொடுக்கும்படி கட்டியது. இணைப்புகள் திருகாணியோடு இருக்கும், கட்டைக்கும் சேசிஸுக்கும் இடையில் கித்தான் அல்லது தோல் வைத்திருப்பார்கள். அங்கே விறைப்பான இரும்புக் கூட்டை வைத்தால் முறுக்கம் முழுவதும் அலுமினியத் தகட்டின் மூலைகளில் போய்க் குவியும். கதவு மூலையில் வெடிப்பு விழ ஆரம்பிக்கும். டியூப் வைத்துக் கட்டிய பழைய கார்களில் பெயிண்ட் விரிசலைப் பட்டி போட்டுப் போட்டு மூடுவதைப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது என்பதும் சரியில்லை; தகட்டுக்குத் தெரியும்.

சரி, மரம் என்று முடிவான பிறகு ஆள் யார்? வீட்டு நிலை, கதவு செய்கிற ஆசாரி நேர்க்கோட்டில் கில்லாடி. இங்கே ஒரு துண்டுகூட நேராக இல்லை. ஒவ்வொன்றும் இரண்டு பக்கம் வளைந்து, போகப் போக மெலிகிறது. கோயம்புத்தூரில் இதற்கு ஒரு வசதி உண்டு. இங்கே ஃபவுண்டரிகள் நிறைய, அதனால் பேட்டர்ன் ஆசாரிகளும் உண்டு. பம்பு உறையும் மோட்டார் உடம்பும் வார்க்க மரத்தில் அச்சு செய்கிறவர்கள். முப்பரிமாண வளைவு அவர்களுக்குத் தினசரி வேலை, மில்லிமீட்டரில் பேசுவார்கள். எங்களுக்குக் கிடைத்தவர் ஓய்வு பெற்றவர். அவரோடு கரூரில் பழைய பஸ் பாடி கட்டிய ஒரு பெரியவரும் இரண்டொரு தடவை வந்து பார்த்தார். இன்றைக்குக் கரூர் பஸ் பாடி எல்லாம் இரும்பு, அலுமினியம். அவர் வேலை கற்றபோது தேக்குச் சட்டம். "தூணைச் செங்குத்தா நட்டுப்புட்டு கதவை மாட்டாதீங்க தம்பி. வண்டி சக்கரத்துல நின்னு, எஞ்சின் எடை ஏறின பிறகு கதவைத் தொடுங்க" என்றார். சேசிஸ் எடையில் கொஞ்சம் தொய்யும். ஸ்டாண்டில் தூக்கி வைத்துக் கதவு பொருத்தினால் கீழே இறக்கியதும் இடுக்கிக்கொள்ளும்.

அதனால் எஞ்சின் வேலை முதலில் முடிய வேண்டியதாயிற்று. அதைப் பற்றி நீட்டாமல் சொல்கிறேன், ஏனென்றால் ட்வென்டி எஞ்சினுக்கு வழிகாட்டி நிறைய இருக்கிறது. அலுமினியக் கிராங்க் கேஸ், அதன் மேல் வார்ப்பிரும்பு பிளாக், தனியாகக் கழலும் ஹெட், ஏழு மெயின் பேரிங். கிராங்க் ஷாஃப்டின் ஜர்னல்கள் (பேரிங்கில் சுழலும் பகுதிகள்) உள்ளே குழாயாக இருக்கும். சுழற்சியில் எண்ணெயின் கசடு அங்கே போய் ஒதுங்கும். மூடியைக் கழற்றினால் தார் மாதிரிக் கெட்டிப் பசை வந்தது. அதைச் சுத்தம் செய்யாமல் ஓட்டினால் ஒருநாள் எண்ணெய்த் துளை அடைபட்டு பேரிங் உருகும். பிளாக்கின் பக்கவாட்டில் நீர்ப்பாதையை மூடும் தட்டைக் கழற்றினால் பின் சிலிண்டர்களைச் சுற்றி ஒரே துருச் சேறு. மலை ஏறும்போது சூடாகிறது என்று ரேடியேட்டரைப் பழி சொல்வார்கள். குற்றவாளி பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருப்பான். அந்தத் தட்டு அரித்துப்போயிருந்தது. எங்கள் பேட்டர்ன் ஆசாரியே அச்சு செய்தார். அலுமினியம் உறைந்து ஆறும்போது 100 மி.மீ.க்கு சுமார் 1.3 மி.மீ. சுருங்கும், அதைக் கூட்டி வைத்து. பக்கத்து ஃபவுண்டரியில் வார்த்து, லேத்தில் கொடுத்து முகம் சீவினோம்.

மரத்துக்குக் காரைக்குடி. இடித்த வீடுகளின் பர்மாத் தேக்கு உத்தரங்கள் அங்கே கடைகளில் விலைக்கு வருகின்றன. பழைய தேக்கின் பலமே அதன் வயதுதான்: ஈரம் எல்லாம் எப்போதோ போய்விட்டது, வெட்டினாலும் திருகாது. ஒரே தொந்தரவு ஆணி. உள்ளே முறிந்து புதைந்த ஆணி ஒன்று போதும், பிளானர் பிளேடு போய்விடும். காந்தத்தை நூலில் கட்டிக் கட்டை முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகே மெஷினுக்கு அனுப்பினோம்.

சக்கரத்துக்கு மேலான வளைவை ஒரே பலகையில் அறுத்தால் இழை குறுக்கே ஓடும் இடத்தில் பட்டென்று முறியும். பழைய ஆசாரி செய்த மாதிரியே மூன்று துண்டாக அறுத்து, இழை எங்கும் வளைவோடு ஓடும்படி பார்த்து, பாதி பாதி தடிப்பு குறைத்து ஒன்றன் மேல் ஒன்றாகப் படிய வைத்தோம். பழைய இணைப்புகளில் வஜ்ஜிரம் (மரப் பசை) காய்ந்து பொடியாகியிருந்தது. இணைப்பைப் பிடித்து வைத்திருந்ததெல்லாம் திருகாணிதான். நாங்கள் வஜ்ஜிரமும் போடவில்லை, எபாக்சியும் போடவில்லை. ப்ரைமர் பூசி, பித்தளைத் திருகாணி. நாளைக்கு யாராவது ஒரு துண்டை மட்டும் மாற்ற வேண்டி வந்தால் கழற்ற முடிய வேண்டும். ஹூட்டின் வளைவுகளில் மட்டும் மெல்லிய பட்டைகளை அடுக்கி எபாக்சியில் ஒட்டினோம், ஏனென்றால் அவை மடங்கும்போது முழு இழுவையையும் தாங்க வேண்டும்.

பழைய கட்டைகளில் எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்பதில் எனக்கு ஒரே அளவுகோல்: உளியை அழுத்தினால் உள்ளே இறங்குகிறதா? இறங்காவிட்டால் வைத்துக்கொள்வது. முன்பாதியில் அடிக்கட்டையின் கீழ் ஓரம் தவிர எல்லாம் தேறியது. அடிக்கட்டையில் தண்ணீர் தேங்கும் இடத்தை மட்டும் சாய்வாக வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தேக்கைப் பொருத்தினோம். புதுத் துண்டுகளுக்கும் ஆசாரி எண் போட்டார். ௰ முதல் ௰௬ வரை, ஆனால் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி, பிறகு திறந்து பார்க்கிறவருக்கு எது பழசு எது புதுசு என்று குழப்பம் வரக்கூடாது என்று.

அடுத்தது தகடு. பழைய பேனல் 18 கேஜ் அலுமினியம், சுமார் 1.2 மி.மீ. அடித்து அடித்துக் கெட்டியான அலுமினியத்தை மறுபடி மென்மையாக்கத் தெர்மாமீட்டர் தேவையில்லை. துணி துவைக்கிற பார் சோப்பைத் தகட்டில் கோடு கோடாகத் தேய்த்து, கேஸ் டார்ச்சை அடியிலிருந்து ஆட்டிக் காட்ட வேண்டும். சோப்புக் கோடு கருப்பாக மாறும் நொடியில் டார்ச்சை எடுத்துவிட வேண்டும். அலுமினியம் சிவக்காது, எச்சரிக்கை தராது. 660 டிகிரியில் அப்படியே ஓட்டை விழுந்து ஒழுகிவிடும். சோப்புதான் நம் கண். ஆறியதும் மணல் மூட்டையின் மேல் வைத்து மரச் சுத்தியால் குழிவாக்கி, டோலி என்ற இரும்புக் கட்டியின் மேல் சமன்படுத்தலாம். வெல்டு போட்ட இடத்தில் ஃப்ளக்ஸை (வெல்டு பிடிக்கப் பூசும் ரசாயனம்) வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவாமல் விட்டால் பெயிண்டுக்கு அடியில் இருந்து அரிக்கும். பழைய பேனல்களின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்ததும் அரிப்புதான், ஆனால் அது வேறு காரணம்: இரும்பு ஆணியும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் தன்னைத் தின்னக் கொடுக்கும். புதுப் பேனலுக்கும் மரத்துக்கும் நடுவில் ப்ரைமர் தோய்த்த துணிப் பட்டை வைத்தோம். தகட்டைப் பசை போட்டு மரத்தில் ஒட்டவே இல்லை. மரம் அசையட்டும்.

வலது முன் கதவு பற்றிச் சொல்லாமல் போனால் படம் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். அது கதவே இல்லை, கதவு போல் கோடு மட்டும். நான்கு கியர் வந்த பிறகு ட்வென்டியில் கியர் லீவரும் ஹேண்ட் பிரேக்கும் டிரைவரின் வலது கைப்பக்கம் போயின. அந்தப் பக்கம் ஏறுவது சர்க்கஸ். அதோடு ஸ்பேர் சக்கரம் வேறு நிற்கிறது. டிரைவர் இடப்பக்கம் ஏறி நகர்ந்து வர வேண்டும்.

பெயிண்டை அடியிலிருந்து மேல் வரை ஓர் இடத்தில் தேய்த்துப் பார்த்ததில் எஸ்டேட் பச்சை, அதற்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே கருநீலம். கருநீலத்துக்கு அடியில் ப்ரைமர்தான். ஆக முதல் நிறம் அது. 1920களின் நடுவில்தான் அமெரிக்காவில் டூக்கோ என்ற பிராண்ட் வந்து நைட்ரோ செல்லுலோஸ் (என்.சி.) பெயிண்டைப் பரப்பியது. அதற்கு முன் பிரஷ்ஷில் பூசிய வார்னிஷ் காய வாரக்கணக்கு ஆகும். நம் பட்டறைகளில் என்.சி. பெயிண்ட் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் அதையே அடித்தோம். பளபளப்பு இன்றைய பெயிண்ட் அளவுக்கு வராது. வர வேண்டியதும் இல்லை. ரேடியேட்டருக்கும் விளக்குகளுக்கும் நிக்கல் முலாம். 1926 வண்டிக்கு குரோம் போட்டால் அந்த நீல வெளிச்சம் தொலைவிலிருந்தே உறுத்தும்.

சீட்டைப் பிரித்தால் ஸ்பிரிங்குக்கு மேலே குதிரை முடி இருக்க வேண்டிய இடத்தில் தென்னை நார். இதுவும் உள்ளூர்க் கையின் அடையாளம். நாரை மாற்றிப் புது நார் போட்டோம். தோல், ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் ஊர்த் தோல்.

வேலை முடியும் தறுவாயில் சொந்தக்காரர் ஒரு விருப்பம் சொன்னார். கதவுப் படியில் அந்த நான்கு துளைகள் காலியாக இருப்பது அவருக்கு உறுத்தியது. "சிம்ப்சன்னு ஒரு பித்தளைத் தகடு அடிச்சுப் போட்டுடலாமே தம்பி. மெட்ராஸ்ல வேற யாரு கட்டியிருக்கப் போறாங்க?"

அவர் நினைப்பதற்குக் காரணம் உண்டு. சிம்ப்சன் அண்ட் கோ 1840-இல் குதிரைச் சேணம் செய்யும் கடையாக மதராஸில் தொடங்கி, கோச் வண்டி கட்டுகிறவர்களாக வளர்ந்தது. 1903-இல் அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைக் கட்டி மதராஸ் தெருவில் ஓட்டினார். இந்தியாவில் கட்டிய முதல் நீராவிக் கார் என்று அதைச் சொல்வார்கள். மவுண்ட் ரோடில் அவர்கள் வளாகம் கோச் வண்டிக் காலத்திலிருந்து டீசல் எஞ்சின் காலம் வரை பார்த்திருக்கிறது. தமிழ்த் தச்சர்கள் கட்டிய ரோல்ஸ் பாடி என்றால் முதலில் அந்தப் பெயர்தான் வாயில் வரும்.

ஆனால் எங்களிடம் இருப்பது தேக்கு, தமிழ் எண், தென்னை நார், நான்கு துளை. தமிழ் தெரிந்த தச்சர் கை பட்டது என்பதற்கு இவை போதும். எந்தக் கம்பெனி என்பதற்குப் போதாது. பித்தளைத் தகட்டை இன்றைக்கு யாரும் லேசரில் வெட்டிக் கொடுப்பார்கள். பத்து வருடம் கழித்து அதுவே சாட்சியாகிவிடும். வண்டி கை மாறும்போது விலையிலும் ஏறும். "வேணும்னா நீங்க வேற இடத்துல போட்டுக்குங்க சார், என் கையால போட மாட்டேன்" என்று சொன்னேன். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே அந்தத் துளைகளை மெழுகால் அடைத்து விடச் சொன்னார், திருகாணி இழை கெடாதபடி.

ஓட்டிப் பார்த்ததில் இரண்டு விஷயங்கள். முதலாவது பிரேக். 1925-இல் ட்வென்டிக்கு நான்கு சக்கர பிரேக் வந்தபோது கூடவே காலின் அழுத்தத்தைப் பெருக்கும் ஒரு செர்வோவும் வந்தது, ஹிஸ்பானோ-சூய்ஸா கார் கம்பெனியின் யோசனையைத் தழுவி. கியர்பாக்ஸிலிருந்து மெதுவாகச் சுற்றும் ஒரு தட்டு. பெடலை மிதித்தால் லைனிங் அதை அழுத்தும். வண்டி ஓடும் வேகமே பிரேக் ராடுகளை இழுக்கும். ஓடும்போது அருமையாகப் பிடிக்கிறது. ஆனால் நின்றுபோன வண்டிக்கு செர்வோ உதவாது. அதனால் ஏற்றத்தில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை நம்ப வேண்டும். மிதித்ததற்கும் பிடிப்பதற்கும் இடையே ஒரு கணம் இடைவெளி இருக்கிறது. கார் ஓட்டிப் பழகிய கால் அந்த ஒரு கணத்தில் பதறி இன்னும் அழுத்தும். அழுத்தக் கூடாது.

இரண்டாவது பெட்ரோல். பங்கில் கிடைப்பது இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்த வண்டியில் பின் டாங்கிலிருந்து பெட்ரோலை இழுப்பது ஆட்டோவாக் என்ற வாக்குவம் டாங்க். அதன் இணைப்புகளிலும் கார்க் வாஷர்களிலும் அந்தக் காலத்தில் அடைக்கப் பயன்பட்டது அரக்கு வார்னிஷ். அரக்கு ஆல்கஹாலில் கரையும் என்பது ஆசாரிகளுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. பாலிஷ் போடுவதே அப்படிக் கரைத்துத்தானே. பழைய வாஷரையும் அரக்கையும் எடுத்துவிட்டு எத்தனால் தாங்கும் சீலன்ட்டுக்கும் விட்டான் ரப்பருக்கும் மாறினோம். வெளியே தெரியாத இடம். இதில் அசல் என்று பிடிவாதம் பிடித்தால் தீப்பிடிக்கும்.

பதிவு எண் 2021-இல் வந்த மத்திய விதிப்படி. ஐம்பது வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற தனி வரிசை, பத்து வருட அனுமதி, புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும். விண்ணப்பத்தோடு கொடுத்த கடிதத்தில் பாடியின் விவரம் எழுதும்போது 'திறந்த டூரர், தேக்குச் சட்டம், அலுமினியப் பேனல். முன்பாதி பழையது, பின்பாதி மறுகட்டுமானம். கட்டியவர் தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

மீதி இருப்பது பக்கத் திரைகள். மழைக்கு மாட்டும் அந்தத் துணித் திரையில் பார்வைக்கு ஒளி ஊடுருவும் ஜன்னல் வேண்டும். அந்தக் காலத்தில் செல்லுலாய்டு, அது மஞ்சளாகும், எளிதில் பற்றும். இப்போதைக்கு மெல்லிய பாலிகார்பனேட்டில் மாதிரி வெட்டிப் பார்க்கிறோம். அது சுருட்டி வைத்தால் ஒரே வளைவாக நிற்கிறது, விரித்தால் படியமாட்டேன் என்கிறது. ஹூட் துணியைத் தைக்கிறவர் வேறு தடிமன் சொல்லியிருக்கிறார்.